காது வலித்தால் மேலே வந்துவிடு

சேகர்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, மழை பெய்தது, கரும்பு வளர்ந்தது என்று ஊர்க்கதை அளக்க இன்று எனக்கு மனசில்லை. உன் காது எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல். இரண்டு காதும் இன்னும் வலிக்கிறதா? சளி விட்டதா? வாத்தியாரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். நீ என் பிள்ளை. அதுதான் என் பயம்.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. முதல் பக்கத்தை உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பெரிய கட்டடத்துக்குள்ளே, கூரைக்குக் கீழே, முப்பத்தைந்து அடி ஆழத்துக்கு ஒரு குளம். சுவரெல்லாம் வெள்ளை ஓடு, தண்ணீருக்குள்ளேயே விளக்கு. பக்கச் சுவரில் கண்ணாடி சன்னல் வைத்து, அந்தப் பக்கம் உலர்ந்த இடத்தில் நின்றபடி வாத்தியார்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதுகில் காற்று சிலிண்டர், வாயில் ரப்பர் குழாய். அடித்தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, முகத்தில் மாட்டிய கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். உன் அம்மா வாயில் கை வைத்துவிட்டாள். “இன்னாங்க இது, வூட்டுக்குள்ள கெணறா? மேல கூரை போட்டுட்டா மழத்தண்ணி எப்படி உழும்?” என்றாள். குழாய் வழியாக நிரப்புகிறார்கள் என்று நானே நிரப்பியவன் போலச் சொன்னேன். எனக்குப் பெருமைதான், இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்? நீ அந்த முக்குளிப்புப் பள்ளிக்குத் தேர்வான நாளிலிருந்து கரியமாணிக்கத்தில் நான் சும்மா இருக்கவில்லை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகள் நிற்கும் வரிசையில், முன்வண்டிக்காரனிடமும் பின்வண்டிக்காரனிடமும், “எம் புள்ள தண்ணிக்குள்ள மூச்சு வுடறான்யா, கப்பலுக்கு அடியில போயி வேல பாக்கப் போறான்” என்று சொல்லிச் சொல்லி அவர்கள் காது புளித்துவிட்டது.

இரண்டாவது பக்கத்தை அவளுக்குப் படிக்கவில்லை. வாய்க்குள்ளேயே படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நீ எழுதியதையே உனக்குத் திருப்பி எழுதுகிறேன், நீயே இன்னொரு தரம் படித்துப் பார். “சளி பிடித்திருக்கிறது அப்பா. பாதி ஆழம் தாண்டினால் இரண்டு காதிலும் ஊசி குத்துகிற மாதிரி வலி. வலித்தால் கையை விரித்து ஆட்டிவிட்டுக் காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் உடனே மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நேற்று என் கை பாதிவரை எழுந்தது. உங்களை நினைத்துக்கொண்டேன். இறக்கிவிட்டேன். பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை, அடிவரை இறங்கும் பரீட்சை. யாருக்கும் தெரியாமல் சமாளித்து முடித்துவிடுவேன்.”

உங்களை நினைத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை மூன்று தரம் படித்தேன். எந்த அப்பனுக்கும் அந்த வரி இனிக்கும். எனக்கு ஏன் இனிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

வலியைச் சொல்லக்கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். உனக்கு ஒன்பது வயதில் கரும்புத் தோகை கழிக்கும்போது அரிவாள் உன் காலில் பட்டது. ரத்தம் கொட்டியது. நீ வாயைத் திறக்கப் போனாய். “அழுதியோ, இன்னொரு கால்லயும் நானே போடுவேன்” என்றேன். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாய். அன்று நம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் உன் காலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என் மகன் என்று சொன்னேன். உனக்கு ஒரு டவுன் சட்டையும் எடுத்துக் கொடுத்தேன். உன் முகம் அன்று எப்படி மலர்ந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. வலியை விழுங்கினால் அப்பா கொண்டாடுவார் என்று அன்றைக்கே உனக்குப் புரிந்துவிட்டது.

அதற்கும் முன்னால், உனக்கு ஏழு வயதில் நடந்ததையும் சொல்கிறேன். உனக்குக் காதில் சீழ் வைத்து, ராத்திரியெல்லாம் அனத்தியிருக்கிறாய். காலையில் தலையணையில் கறையைப் பார்த்துவிட்டு உன் அம்மா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, கரண்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள். உன் தலையை அவள் சாய்த்த நேரத்தில் உன் சித்தப்பா உள்ளே வந்தான். ஒரே எட்டில் வந்து கரண்டியைத் தட்டிவிட்டான். எண்ணெய் சுவரெல்லாம் தெறித்தது. உன் அம்மாவைப் பார்த்து உரக்கக் கத்தினான். உன்னைத் தூக்கி சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். “செவுட்டுக்கு இன்னா கோவம் வருது பாரு” என்று உன் அம்மா அழுதாள். காது ஆறி வந்த பிறகு நீ என்னிடம் கேட்டாய், சித்தப்பா ஏன் எண்ணெயைக் கொட்டினார் என்று. அவனுக்கு ஏதோ கோபம் என்று சொன்னேன். எனக்குக் காரணம் தெரியும் சேகர். இந்த வீட்டில் எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

சித்தப்பாவுக்குக் காய்ச்சலில் காது போய்விட்டது என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறோம்? ஊருக்கும் அப்படித்தான். காய்ச்சல் வந்தது உண்மைதான். ஆனால் காது போனது என்னால்.

உனக்கு அப்போது இரண்டு வயது. உன் தங்கையைப் பெற்றெடுக்க உன் அம்மா உன்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் உன் சித்தப்பா கலியபெருமாளும் மட்டும். அவனுக்கு இருபத்திரண்டு வயது. செல்லிப்பட்டில் பெண் பார்த்து, தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம். நம் கொல்லைக் கிணறு அப்போதும் பங்காளி வீட்டுக்கும் நமக்கும் பொதுதான். இரண்டு நாள் அவர்கள் மோட்டார் போட வேண்டும், இரண்டு நாள் நாம். முறை தாண்டினால் ஒரு வாளித் தண்ணீர் கேட்க முடியாது, கேட்டால் மானம் போகும். அந்த மாசியில் நான் முதன்முதலாக மூன்று காணி முழுக்கக் கரும்பு வைத்தேன். விதைக்கரணை நட்டுப் பத்து நாள், தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. நம் முறையின் இரண்டாம் நாள் காலையில் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. தண்ணீருக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்குமே, ஃபுட்வால்வு, அதில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. யாராவது முங்கிப் போய் எடுக்க வேண்டும். மூன்று ஆள் ஆழம்.

எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் முங்கினால் தம் நிற்காது. கலியபெருமாள் மீன் மாதிரி. அதற்கு முன்னால் எத்தனையோ தடவை அவன்தான் இறங்கியிருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு மூன்று நாளாகச் சளி. மூக்கு அடைத்துக்கொண்டு, குரலே மாறிப்போயிருந்தது. “நாளைக்கு எறங்கறேண்ணே, தல பாரமா கீது” என்றான். நாளைக்கு முறை அவர்களுடையது. எதிர்க்கரையில் பங்காளி வீட்டு ஆண்கள் இரண்டு பேர் பல் குச்சியோடு குந்தி, நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் ஏறிவிட்டது. “கல்யாண மாப்புள்ளைக்கு சளியாம்! எறங்குடா” என்றேன்.

இறங்கினான். உடனே மேலே வந்துவிட்டான். படியைப் பிடித்துக்கொண்டு, “காது வலிக்குதுண்ணே. உள்ள எவனோ ஆணி அடிக்கிற மாதிரி கீது” என்றான். எதிர்க்கரையில் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் எனக்குப் பட்டது. “பாதியில நின்னா அப்படித்தான்டா வலிக்கும். அடி வரைக்கும் போ, தானா அடங்கிடும்” என்றேன். எங்கிருந்து இந்த ஞானம் எனக்கு வந்தது, சொல்? யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கரையில் நின்றுகொண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும், திறக்கவில்லையென்றால் ஒரு முழம்கூடக் கீழே போகக்கூடாது, சளி இருந்தால் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று உன் வாத்தியார் சொன்னதாக நீ போன மாதம் எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்றைக்குத்தான் இவ்வளவு காலம் கழித்து எனக்கே தெரிந்தது. அன்று சோறு இறங்கவில்லை. உன் அம்மா பித்தம் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

இரண்டாம் முறை போனான். கண்ணெல்லாம் சிவந்து வந்தான். தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தட்டினான். “நடிக்காதடா” என்றேன். மூன்றாம் முறை போனான். வெகுநேரம் உள்ளே இருந்தான். வந்தபோது கையில் ஒரு உர சாக்கு. யாரோ எப்போதோ கிணற்றில் போட்டது, அதுதான் வால்வைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் முகம் தெளிந்திருந்தது. “உள்ள டப்புன்னுச்சுண்ணே. அப்பறம் வலியே இல்ல” என்றான். “பாத்தியா, சொன்னேன்ல!” என்று எதிர்க்கரைக்கும் கேட்கும்படி சொன்னேன். காதிலிருந்து தண்ணீரோடு கொஞ்சம் ரத்தம் வந்தது, துண்டால் துடைத்துக்கொண்டான். படியேறும்போது இரண்டு தடவை தடுமாறினான், கிணறே சுத்துது என்றான். நான் மோட்டாரைப் போடப் போய்விட்டேன். தண்ணீர் பொங்கி வாய்க்காலில் பாய்ந்தது.

இதைக் கவனமாகக் கேள். வலி திடீரென்று நின்றால் அது தைரியம் இல்லை. அது ஜெயித்தது இல்லை. காதுக்குள் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். உனக்கு அப்படி ஆகியிருந்தால், தயவுசெய்து, இந்தத் தாளைக் கீழே போட்டுவிட்டு இப்போதே டாக்டரிடம் ஓடு.

மறுநாள் அவனுக்கு இரண்டு காதும் மறுபடி வலிக்க ஆரம்பித்தது. நான்தான் நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சினேன். நான்தான் அவன் தலையை என் மடியில் சாய்த்து ஊற்றினேன், அந்தக் காதில் ஒரு கரண்டி, இந்தக் காதில் ஒரு கரண்டி. எண்ணெய் தொண்டைக்கு இறங்குதுண்ணே என்று சொன்னான். காதில் விட்ட எண்ணெய் தொண்டைக்கு ஏன் வருகிறது என்று எனக்குத் தோன்றவில்லை பார். நாலு நாள் ஊற்றினேன். சீழ் வைத்து, காய்ச்சல் கொதித்து, பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் வண்டி கட்டினேன். பாண்டியில் டாக்டர் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார். “தண்ணில ஆழமா குதிச்சாரா? காதுல ஏதாச்சும் ஊத்துனீங்களா?” இல்லீங்க, விஷக்காய்ச்சல் என்று சொன்னேன். கலியபெருமாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்துப் பேசியிருப்பான்.

உயிர் பிழைத்தான். இரண்டு காதும் அடியோடு போய்விட்டது. செல்லிப்பட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், பத்து நாளில் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. வாங்கி வைத்திருந்த கல்யாண வேட்டியை அவனே பிரித்து, கொல்லை வேலைக்கு உடுத்திக்கொண்டு போனான். பிறகு அவனுக்குப் பெண் பார்க்க நான் ஒரு வாசல் ஏறவில்லை. ஏறினால் எப்படிப் போயிற்று என்று கேட்பார்களே, அந்தப் பயம். யார் அவனிடம் சைகையில் கேட்டாலும் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் என்றுதான் அவனும் காட்டுவான். என் பொய்யை எனக்காக இத்தனை வருஷம் அவன் சுமந்தான். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணன் என்கிற வீம்பு. வேறென்ன?

ஆகவே சேகர், வலித்தால் கையைக் காட்டு. என்னை நினைத்துக்கொள்ளாதே. பரீட்சை போகட்டும். அடுத்த வருஷம் சேர்த்தால் சேர்க்கட்டும், சேர்க்காவிட்டால் வீட்டுக்கு வா. வரிசையில் நிற்கிற வண்டிக்காரர்களிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என் பிள்ளை காது வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான் என்று அதே உரத்த குரலில் சொல்வேன். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுகிற விஷயமில்லை இது. ஒரு தடவைதான் கிழியும்.

இதுவரை நேற்றுப் பொழுது சாயும்வரை எழுதியது. இதை ஒட்டுவதற்கு முன்னால் இன்று காலை சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனுக்குத் தெரியாமல் அவன் கதையை உனக்கு அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. வரப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபடி அதே பக்கத்துக்குப் போனான். பிறகு நிமிர்ந்து, அவன் பேச்சுத்தான் உனக்குத் தெரியுமே, பக்கத்துக் கொல்லைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“தப்பா எழுதிக்கீறே. மூணு வாட்டி இல்ல, நாலு வாட்டி. மூணாவது வாட்டி வெறுங்கையோட வந்தேன். டப்புன்னுச்சு, வலிக்கலன்னேன். ரத்தத்தப் பாத்துட்டு நீதான் சொன்ன, ‘வலிக்கலல்ல, அப்ப இன்னொரு தபா போ’ன்னு. நாலாவதுலதான் சாக்கு வந்துச்சு. அதுலதான் மிச்சமிருந்த காதும் போச்சு.”

சத்தியமாக எனக்கு அது நினைவில்லை சேகர். நேற்று நான் உனக்குப் பொய் எழுதவில்லை. ஆனால் அவன் சொன்னதும் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது. எது எனக்குத் தாங்காதோ அதை மட்டும் மறந்திருக்கிறேன். மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள். அவன் காலைத் தொடக் குனிந்தேன். தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டான். “அத வுடு. உனக்கும் எனக்கும் உள்ளது எங்க போவப் போவுது, இங்கயேதான் கெடக்கும். புள்ளைக்கு எப்பப் பரிச்ச?” என்றான். திங்கள் என்று விரலால் காட்டினேன். “இன்னிக்கு வெள்ளி. கடுதாசி போய்ச் சேர அஞ்சு நாளாவும். உக்காந்து பக்கம் பக்கமா எழுதிக்கினு கீறியே, உனக்கு அறிவு கீதா? ஏறு சைக்கிள்ல” என்றான்.

எனக்கு அது உறைக்கவே இல்லை. பாவத்தைக் கொட்டுகிற அவசரத்தில் உன் நாளை எண்ணாமல் போனேன். அவன் மிதித்தான், நான் பின்னால் உட்கார்ந்தேன். பாகூர் தபாலாபீசில் தந்திக்கு வாசகத்தை அவனேதான் சொன்னான். சளியோடு இறங்காதே, வலியைச் சொல்லிவிடு, பரீட்சை வேண்டாம், வீட்டுக்கு வா. தந்தி எழுதுகிறவர் அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டு, அனுப்புகிறவர் பெயர் என்ன என்று கேட்டார். நான் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். என் உதட்டைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா குறுக்கே கையை நீட்டினான்.

“இவரு பேரப் போடாதீங்க சார். அப்பா பேரப் பாத்தா அவன் மறுபடியும் பல்லக் கடிச்சிக்கினு எறங்கிடுவான். எம் பேரப் போடுங்க.”

ஆபீசில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவன் பெயரையே சொன்னேன். உனக்கு வந்த தந்தியில் என் பெயர் இல்லாதது அதனால்தான்.

இப்படிக்கு,
அப்பா